முதுகில் கட்டிய பொம்மை

படத்தில் இருந்த உருவம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரெயினுக்காக நின்றது.

கெனடி ஸ்ரேசன். தடித்த குளிர் ஜாக்கெற். அதன் மேல், கைக்குழந்தையைக் கட்டுவதுபோலப் பூத்துணியால் கட்டிய ஒரு மரப்பொம்மை. தோசைபோலத் தட்டையான வட்டத் தலை அதற்கு.

அந்தப் படத்தைக் கீறியவள் என் மருமகள் அபெனா. கானாக்காரி. பார்க்டேலில் அவளுடைய ஓவியக் கண்காட்சி. தன் நாட்டின் பழைய சின்னங்களை ரொறன்ரோ பஸ்ஸிலும் ரெயினிலும் ஏற்றிவிடுகிறாள் என்று பேப்பரில்கூட மெச்சி எழுதியிருந்தார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கலியாணம் முடிந்து ஆறு வருடம். வீட்டில் ஒரு குழந்தை இல்லை, இவள் பொம்மை கீறுகிறாள்.

இன்றைக்கு என் மகன் ஜனார்த்தனிடம் இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்றுதான் வந்திருந்தேன். இவளா, பிள்ளையா?

ஸ்ரௌவ்விலில் இருந்து என்னைக் காரில் ஏற்றி வந்தவள் என் சிநேகிதி வேரோனிக்கா. வழி நெடுக அவளிடம் மருமகளின் குறையைத்தான் கொட்டிக்கொண்டு வந்தேன்.

அபெனாவைக் கூப்பிட்டு, இது என்ன பொம்மை என்று கேட்டேன்.

பிள்ளை வேண்டுமென்றால் தங்கள் ஊரில் பெண்கள் இதை முதுகில் கட்டிக்கொண்டு திரிவார்களாம். ஜனார்த்தனிடம் பழகிய தமிழில் மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தாள்.

பாவம், அவளுக்கும் ஆசைதான். கட்டையாக வெட்டிய முடியோடு தன்னையே கீறியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் போனேன்.

உச்சியில் இரட்டைச் சுழி.

அந்தத் தலைக்குப் பதினாறு வயதுவரை எண்ணெய் வைத்தவள் நான்.

திரும்பினேன். ஜனார்த்தன் பின்னால் நின்றான்.

“நான்தான் என்னைக் கீறச் சொன்னனான், அம்மா. ஆறு வருசமா அவள் வாய் திறக்கேல்லை.”

கோயில் கோயிலாக அவளை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். விரதம் பிடி என்றேன், பிடித்தாள். நாலு பேருக்கு முன்னால், டொக்டரிடம் போய்க் காட்டு என்றேன், சிரித்தாள். உங்கள் மகனைக் கேளுங்கள் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

வேரோனிக்கா வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். அவள் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிது.

“பேபியக்கா, உது ஆம்பிளையெல்லே! உவையின்ர நாட்டில ஆம்பிளையளும் உதைக் காவுறவையோ?”

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அபெனா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஓம் அன்ரி என்று சொல்ல வாயெடுத்தாள். இதையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள்.

நான் முந்திக்கொண்டேன்.

“இல்லை. அங்கை பொம்பிளையள்தான். உது என்ர மகன். குறை அவனில.”