முதல் டீ

மாமனாருக்கு நுரையீரலில் முற்றிய புற்றுநோய் குடலுக்கும் பரவி அதை அடைத்துவிட்டது. "நோய் தீராது. இருக்கிற வரைக்கும் வாய்க்கு ருசியா சாப்பிடலாம்," என்று சொல்லித்தான் டாக்டர் ஆபரேஷன் செய்தார். காற்று பிரிந்தால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"ஒரு வாய் டீ குடு," என்று மாமனார் காலையிலிருந்து மாமியாரை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

புது மாப்பிள்ளை குனிந்து அவருடைய தலையணையைச் சரிசெய்தபோது அந்தச் சத்தம் கேட்டது. அடுத்த கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் மாமனார்.

"என் வயித்துல பாலை வார்த்தீங்க," என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் ஓடினார். பாலில்லாத டீயோடு திரும்பி வந்தார்.

"ஆறட்டும், வச்சிட்டுப் போ. மொதல்ல பொண்ணுக்கு போன் பண்ணிச் சொல்லு."

மாமியார் வெளியே போனதும், மாமனார் டம்ளரை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே குடிங்க மாப்பிள்ளை. எனக்கு இன்னும் வரல. இது நீங்க சம்பாதிச்சது."