கிணற்றுப் படம்

சேந்தனின் பிறந்தநாளுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. எதிர்வீட்டு ஆதிரையையாவது அழைத்துவரலாம் என்று போனேன். என்னைக் கண்டதும் அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்த நீதிக்கதைப் படப்புத்தகம் அவள் வீட்டு மேஜையில் விரிந்து கிடந்தது. கதையில் வரும் நல்ல பிள்ளைக்கு, படிக்கிற பிள்ளையின் முகத்தையே அது தானாக வரைந்துவிடும். சேந்தனின் புத்தகத்தில் அவன் முகத்தைப் பார்த்து நானும் பூரித்திருக்கிறேன்.

ஆதிரையின் இந்தப் புத்தகத்தில், நன்றாகப் படித்த ஆதிரை தேரில் போனாள். பொய் சொல்லி, ஊர்சுற்றி, கிணற்றில் விழுந்தவனுக்கு என் மகனின் முகம்.

வீட்டுக்கு வந்து, "ஆதிரைக்குக் காய்ச்சலாம்டா" என்றேன்.

"நல்லவேளைம்மா." சேந்தன் தன் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினான். கிணற்றுக்குள்ளிருந்து ஆதிரை இரு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"கை குடுத்தா நம்மளையும் உள்ள இழுத்துடுவாம்மா."