பழைய டிரைவர்

“படம் ரொம்பத் தெளிவா இருக்குது மக்கா. அதாக்கும் குழப்பம்” என்றார் வேதமணி சார்.

லேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனுவச்சபுரத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் ஏராளம். தெளிவாகத் தெரிகிறது என்று முகம் வாடி வந்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

சார் ரிட்டயரான வாத்தியார். திங்கட்கிழமைதான் அவருடைய லேப்டாப்புக்கு லேகா புது விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். இரண்டே நாளில் அதையும், அதில் மாட்டுகிற கேமராவையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆரியங்கோட்டிலிருந்து மறுபடி பஸ் ஏறி வந்துவிட்டார். இந்த முறை கூட ஒரு அம்மாளும் வந்திருந்தார். விமலகுமாரி என்று பெயர் சொன்னார்.

“அஞ்சு மணிக்கு ஜிஜா வீடியோவில விளிப்பா அத்தான். அதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேரண்டாமா?” என்று அந்த அம்மாள் சாரைப் பார்த்துப் பதறினார். இந்தக் காலத்திலும் புருஷனை வாய் நிறைய அத்தான் என்று கூப்பிடுகிறார்களே என்று லேகா நினைத்துக்கொண்டாள்.

“ஜிஜா எனக்க ஒரே மவ” என்றார் சார். “அயர்லாந்துல நர்ஸு. இப்பம் எட்டாம் மாசம். பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்கு. மனசு பதறினா ரெண்டு உயிருக்கும் ஆபத்துண்ணு டாக்டர் சொல்லியாச்சு. மருமவன் அவளுக்க போனைக்கூட வாங்கி வச்சிட்டாரு. அவருக்க போன்ல தினமும் அஞ்சு மணிக்கு அவளுக்கு அம்மயைக் காணணும். நேத்து கரண்டு இல்லேண்ணு பொய் சொல்லியாச்சு. இண்ணைக்கும் காணலேண்ணா பயந்துருவா.”

லேகாவின் பெருமையே அவளுடைய பென்டிரைவ்தான். விண்டோஸோடு, சுற்றுவட்டாரத்து வீடுகளில் உள்ள பிரிண்டர், கேமரா, ஸ்கேனர் எல்லாவற்றையும் இயக்கும் டிரைவர் என்கிற சின்ன மென்பொருள்களையும் சேர்த்து, இமேஜ் என்கிற ஒரே தொகுப்பாகச் செய்து அதில் வைத்திருக்கிறாள். செருகினால் அரைமணி நேரத்தில் எல்லாம் தயார். போன வாரம்தான் அதில் கிடந்த காலாவதியான டிரைவர்களை மூட்டை கட்டி வெளியே தள்ளினாள். புது விண்டோஸுக்கும் அவற்றுக்கும் ஆகவே ஆகாது.

சாருடைய கேமரா டிரைவரும் அந்த மூட்டையோடு போயிருந்தது. இப்போது விண்டோஸ் தன் கையிருப்பில் இருந்த டிரைவரைப் போட்டுக்கொண்டது. இத்தனை வருஷம் மங்கலாகக் காட்டிய கேமரா பளிச்சென்று காட்டத் தொடங்கிவிட்டது.

“போன்ல வீடியோ கால் பண்ணலாமே சாரே?”

“போன்ல இதைவிடத் தெளிவா தெரியும்” என்றார் சார் அவசரமாக.

லேகா செட்டிங்கில் தெளிவைக் குறைத்துப் பார்த்தாள். கால் தொடங்கியதும் படம் தானாகவே தெளிந்துவிட்டது.

“சத்தம் ஒண்ணும் குழப்பமில்ல மக்கா. படம் மட்டும் முன்ன மாதிரி மங்கலா இருந்தா போதும்” என்றார் சார்.

விமலகுமாரி கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தடித்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரையில் தன்னைப் பார்ப்பதற்கு மட்டும் அதைக் கழற்றினார். ஒவ்வொரு நரையையும் எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

“நரை தெரியுதுண்ணு நாணமோ ஆன்ட்டி?” என்று லேகா சீண்டினாள். இருவரும் சிரிக்கவில்லை. ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்று அவளுக்கு ஆகிவிட்டது.

ஹார்டு டிஸ்க்கில் கிடந்த பழைய இமேஜைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளிருந்து கேமரா டிரைவரைத் தனியே பிரித்து எடுத்தாள். விண்டோஸ் முடியாது என்றது. பாதுகாப்புச் சோதனையை நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்தாள். அப்போதும் அடம் பிடித்தது. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது.

படம் மங்கியது. கண், மூக்கு, வாய் எல்லாம் கலங்கி, ஒரு சேலையும் ஒரு கண்ணாடியும்தான் மிச்சமாகத் தெரிந்தன. சார் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

“சாரே, இது நிலைக்காது கேட்டீங்களா. விண்டோஸ் அப்டேட் வந்தா பழைய டிரைவரைத் தூக்கி எறிஞ்சிரும். உங்களுக்காவ எனக்க இமேஜில திரும்பச் சேத்து வைக்கேன். எத்தனை நாளைக்கு வேணும்?”

“பிரசவம் வரைக்கும் போதும் மக்கா. பொறவு கேமராவே வேண்டாம்.”

லேகாவுக்குப் பொறுக்கவில்லை. “இது என்ன பேச்சு சாரே? உங்களுக்குப் பேரப்பிள்ளையைக் காணண்டாமா? ஜிஜாவுக்குப் பெத்த அம்மைக்க முகத்தை ஒரு நாளாவது தெளிஞ்சு காணண்டாமா?”

சார் பதில் சொல்ல வாயெடுத்தார். கடை என்றும் பாராமல், முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். விமலகுமாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. லேப்டாப்பை மெல்ல மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

“ஜிஜாவுக்க அம்மயை அடக்கம் பண்ணி இருவத்திமூணு நாளாச்சு மக்கா... நான் அவளுக்க தங்கச்சி, ஜிஜாவுக்குச் சித்தியாக்கும்.”