தள்ளிப் போன செவ்வாய்

“மொதல்லயே சொல்லிடறேன். எம் பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம். உங்க பையன் ஜாதகத்துல அது இல்ல,” என்றார் பசியாவரம் என்ற ஏரித்தீவில் வசிக்கும் ஜெகதீஸ்வரன்.

பெண் பார்க்க வந்த ஏகாம்பரமும் அவர் மனைவி தேவகியும் காபியைக் கீழே வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டதுமே மூன்று வரன்கள் படகேறிப் போயிருந்தன. அதனால் இந்த முறை ஜெகதீஸ்வரன் வானத்தையே துணைக்கு அழைத்திருந்தார்.

“ஆனா அது பழைய கணக்கு. கிரகமெல்லாம் வருசா வருசம் சூரியன வுட்டு வெலகிப் போயினே கீது. செவ்வாய் இப்ப இருக்கிற தூரத்துக்கு அதோட தோஷம் இங்க எட்டாது.”

“யாரு சொன்னா?” என்றாள் தேவகி.

“யாரு சொல்லணும்? நிலாவும் தள்ளிப் போயிடுச்சு. அதான் கடல்தண்ணி முன்ன மாதிரி ஏரிக்குள்ள ஏறல. படகு கட்டுற கம்பத்தப் பாருங்க, தண்ணித் தடம் ஒரு முழம் எறங்கிடுச்சு.”

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டதுதான் காரணம் என்று ஏரிக்கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடமாக வலை போடும் ஏகாம்பரத்துக்குத் தெரியாதா?

அவர் நிதானமாகத் தலையாட்டினார். “நானும் கவனிச்சேன். நெசந்தான். தட்டு மாத்திக்கலாம்.”

திரும்பும் படகில் தேவகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாத்துக்குச் சிரிக்கிற?”

“நம்ம பையனுக்கும் செவ்வாய்தானே. அத மறச்சு ஜாதகத்த மாத்தி எழுதாம, இருக்கிறபடியே கொண்டாந்திருந்தா தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போயிருக்கும். பாவம், அந்த மனுசன் கிரகத்த இம்மாந்தூரம் தள்ளியிருக்க வேணாம்.”