கஸ்பாருக்கு ஒரு தொப்பி

கஸ்பாரின் பழுதான இதய வால்வுக்குப் பதில் புதிது தைக்க, அவர் உடல் செல்லிலிருந்தே ஆஸ்பத்திரி மூன்று சவ்வுத் துண்டுகளை வளர்த்திருந்தது. அவற்றில் இரண்டை ஆஸ்பத்திரியின் தையல் இயந்திரம் பாழாக்கிவிட்டது. அது தைத்த இரண்டு வால்வுகளும் ஒழுகின. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மிஞ்சிய துண்டை அவர் மனைவி பெர்னதெத் கேட்டு வாங்கினாள். ஆயர்களுக்கு, அதாவது பிஷப்புகளுக்கு, பூசைத் தொப்பி தைப்பவள் அவள்.

“இது என்ன வால்வு டாக்டர்?”

“மைட்ரல். ஆயர் தொப்பியை இங்கிலீஷ்ல மைட்டர்னு சொல்வாங்க, அது மாதிரி ரெண்டு மடல். அதனால வந்த பேரு.”

“அப்ப எனக்குத் தெரிஞ்ச வேலைதான். உங்க மெஷினு மடலை இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்கு. கொஞ்சம் தளர விட்டாத்தான் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படியும்.”

அவள் தைத்ததில் டாக்டர் தண்ணீரைச் செலுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கஸ்பார் தேவாலயத்தில் மணியடித்துப் பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை. முப்பது வருடமாகப் பூசையில் ஆயரின் தொப்பியைக் கையில் ஏந்தி நின்றவர். ஒருநாளும் தலையில் வைத்துப் பார்த்ததில்லை. அவள் தைத்த வால்வை இதயத்தில் பொருத்திய மூன்றாம் மாதம் மணிக்கூண்டின் எழுபது படிகளையும் நிற்காமல் ஏறி மணியடித்தார். பிறகு கீழே நின்ற மனைவியிடம் கத்தினார்:

“ஏளா, ஆயரு பூசை முடிஞ்சா தொப்பியக் கழட்டிருவாரு. நான் கழட்ட மாட்டேன்.”