நிக்கனோரின் கெண்டி

அராசெலி சமையலறைக் கதவைத் தாழிட்டாள். அப்பாவின் கெண்டியைத் தூக்கி, சன்னலுக்கு வெளியே முற்றத்தில் இருந்த ஜெரேனியம் பூந்தொட்டியில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள். வீடு முழுக்கப் பூண்டு வதங்கும் வாசனை தூக்கியடித்ததால், கொட்டியதன் வாசம் அவள் மூக்குக்கே எட்டவில்லை.

நீண்ட மூக்குள்ள அந்தக் கண்ணாடிக் கெண்டியை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. நிக்கனோர் தினமும் காலையில் தனியாக நிலவறைக்குப் போய், தானே ஒயின் பிடித்து வந்து வைப்பார். நாற்பது வருடமாக இனிப்பு ஒயினைத் திட்டியே ருவேதா ஒயின் வட்டாரம் முழுக்கப் பெயர் வாங்கிய மனிதர் அவர்.

அப்பேர்ப்பட்டவரின் மகள்தான் அரை இனிப்பு வெள்ளை ஒயின் செய்திருந்தாள். திராட்சைச் சாறு நொதிக்கும்போதே குளிரவைத்துப் பாதியில் நிறுத்தி, கொஞ்சம் சர்க்கரையை அதிலேயே தங்கவிட்டிருந்தாள். அப்பா இன்று சரி என்றால் நாளைக்கு வீட்டுப் பெயரோடு லேபிள் அச்சாகும். இல்லையென்றால் அத்தனையும் பிராந்தி காய்ச்சுகிறவனுக்குப் போய்விடும்.

கெண்டி நிறையத் தன் ஒயினை ஊற்றினாள். நிறம் அதே வெளிர் மஞ்சள்தான். சிரிப்பும் பயமும் சேர்ந்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

முற்றத்தில் கொடிப்பந்தலின் கீழ் சாப்பாடு. ஒப்புக்கு அப்பா முன்னால் ஒரு கிளாஸை நகர்த்தினாள்.

“என் ஒயின்பா. ஒரே ஒரு வாய்.”

“சர்பத்தா? பல்லு போனவங்களுக்குக் குடு.”

“உனக்கே ரெண்டு பல்லு போயிடுச்சு நிக்கனோர்” என்றாள் அம்மா ஒப்துலியா.

காய்ந்த மிளகாய் போட்ட இறால் வந்தது. நாலு வாய் தின்றதும் நிக்கனோரின் காது சிவந்தது. கெண்டியை உயரத் தூக்கி அண்ணாந்தார்; ஒயின் மெல்லிய கம்பியாக அவர் தொண்டைக்குள் இறங்கியது.

“பாத்தியா ஒப்துலியா? எரிச்சல் போன இடம் தெரியல. இதுக்குப் பேருதான் ஒயின்!”

அராசெலி கைத்துண்டை வாயில் திணித்துக்கொண்டாள்.

“இந்தக் குளவிங்களுக்கு என்ன வந்துச்சு?” ஒப்துலியா எழுந்து துண்டை வீசினாள். “ஜெரேனியம் பக்கம் எட்டிக்கூடப் பாக்காதுங்க. இன்னிக்கு அந்தத் தொட்டிலயே குடித்தனம் நடத்துதுங்க!”

“குளவிய விடு, சீஸை எடு” என்றார் நிக்கனோர்.

நீலப் பூசணம் படர்ந்த சீஸ், ஊரையே கூப்பிடும் நாற்றத்தோடு வந்தது. ஒரு துண்டு, ஒரு அண்ணாப்பு. அவர் கண் தானாக மூடிக்கொண்டது.

“உப்பு நறுக்குனு கடிக்குது, ஒயின் வந்து தடவிக் குடுக்குது. முன்னாடி பீச் பழ வாசம், பின்னாடி லேசா ஒரு புளிப்பு. கத்துக்கோ மகளே!”

“கத்துக்கறேன்பா.”

பன்றித்தொடையின் உப்புச் சீவல் சுற்றிய முலாம்பழம் வருவதற்குள் கெண்டி பாதி காலி. மனிதர் எழுந்து மனைவியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, அவளை ஒரு சுற்றுச் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்தார். அராசெலியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அப்பா! கெண்டில இருக்கறது என் ஒயின்! நீங்க இவ்வளவு நேரம் புகழ்ந்ததெல்லாம் அந்த சர்பத்தைத்தான்! லேபிள்ல நம்ம பேர் போட்டே ஆகணும்!”

ஒப்துலியா சிரித்த சிரிப்பில் முள்கரண்டி கீழே விழுந்தது. ஆனால் நிக்கனோர் சிரிக்கவில்லை. கெண்டியை மெதுவாக மேசையில் வைத்தார். காரியத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்த அராசெலியின் கண்முன் பிராந்திக்காரன் முகம் வந்து நின்றது.

“காலைல நான் பிடிச்சு வெச்சிருந்தேனே, அது எங்க?”

“ஜெரேனியம் தொட்டில கொட்டிட்டேன்பா.”

நிக்கனோர் தொட்டியைப் பார்த்தார். குளவிகள் அங்கே திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தன. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பாவி மகளே, அதுவும் உன் ஒயின்தான்டி!”