அல்லியின் அடக்கம்

"சிஸ்டர், இன்னிக்கு அல்லியைப் பத்தி எழுதிட்டு வந்திருக்கேன். படிக்கலாமா?"

"இதென்ன கேள்வி சார், தாராளமா படிங்க" என்றாள் நர்ஸ், குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே.

கவிஞரின் மனைவி நினைவில்லாமல் கிடந்து அன்றோடு பன்னிரண்டு நாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கால் தவறி விழுந்துவிட்டாளாம். அன்றிலிருந்து தினம் ஒரு பூவின் குணத்தை அவளுக்கு ஏற்றிப் பாடி, எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் மனிதர்.

அவள் காதோரம் குனிந்து படித்தார்.

"பகலில் வாய் திறவாத அல்லி நீ;
வீட்டுப் பேச்சை வெளியே விடாத
அடக்கமே உன் அழகு."

தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு எழுபதிலிருந்து நூற்றுப் பத்துக்குத் தாவியது.

"பாத்தீங்களா சார்! உங்க குரலைக் கேட்டா போதும், துடிச்சுப் போயிடறாங்க."

நர்ஸுக்குக் கண் கலங்கியது. அவள் வீட்டுக்காரர் பதினாறு வருஷத்தில் 'சாப்பிட்டியா' என்று கேட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"நேத்து நீங்க படிச்ச மல்லிகையை என் போன்ல பதிவு பண்ணிட்டேன். நீங்க இல்லாதப்போ போட்டுக் காட்டறேன். 'கசக்கிய கைக்கும் மணம் தரும் பொறுமை'... எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு!"

கவிஞர் கைகூப்பினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சிஸ்டர். அவ கண்ணு முழிச்சா முதல்ல என்னைக் கூப்பிடுங்க. டாக்டர்கூட அப்புறந்தான்."

மறுநாள் காலை, மல்லிகை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல் அசைந்தது. இமை பிரிந்தது. நர்ஸ் பதிவை நிறுத்திவிட்டு அதே போனில் எண்ணை அழுத்தினாள். வாக்குத் தவறாமல் கவிஞரைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

"கீழேதான் இருக்கேன். இதோ வந்துட்டேன்!"

"அம்மா, உங்க வீட்டுக்காரர் வந்துட்டே இருக்கார். அவர் கவிதைதான் உங்களைப் பிழைக்க வச்சிருக்கு!"

வறண்ட உதடுகள் மெல்ல அசைந்தன. "கதவு... தாழ்ப்பாள் போடுங்க."

எதற்கென்று புரியாவிட்டாலும், நோயாளி பயந்துவிடக் கூடாதே என்று போய்ப் போட்டாள். போட்ட கையோடு வெளியே தட்டும் சத்தம்.

"சிஸ்டர், நான்தான். திறங்க."

"தோ, வந்துட்டேன் சார்" என்று மறுபடி தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் கம்மிய குரல் கேட்டது.

"திறக்காதீங்க சிஸ்டர்... நான் தவறி விழலை. மாடியிலேர்ந்து தள்ளிவிட்டதே அவர்தான்."